தண்ணீர் பில்லும் என் தலையாட்டலும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணல் மாணலாக வரும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். இது நடந்தது பெங்களூரில், நீலசந்திராவில், எங்கள் வீட்டிலேயே. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தீபாவளிக்குப் பிறகு ஆரம்பித்து மாசி வரைக்கும் இழுத்தது. பங்குனியாகவும் இருக்கலாம். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

இருபதுக்கு முப்பது அடி சைட்டில் என் வீட்டுக்காரர் கட்டின வீடு. அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. கீழே நான் தனியாக இருக்கிறேன். மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஒரே மகன், புனேயில் வேலை. அவன் கல்யாணத்தின்போது பின்பக்கத்து அறையை ஒட்டி ஒரு பாத்ரூம் கட்டி, உட்காருகிற டாய்லெட் வைத்து, அதன் மேல் ஃப்ளஷ் டேங்க்கும் மாட்டினான். தீபாவளிக்கு வந்தால் நாலு நாள் அந்த அறையில் இருப்பான். அவன் போனதும் பூட்டிவிடுவேன். வாரத்துக்கு ஒருநாள் திறந்து பெருக்கிவிட்டு மறுபடி பூட்டுவேன். பாத்ரூம் கதவைத் திறப்பதில்லை. யாரும் புழங்காத இடத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைப்பு.

மாடியில் வாணியம்பாடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, அவள் புருஷன், அப்போது ஏழு மாதமே ஆன பெண் குழந்தை. அவர் ஆபீஸ் வண்டி ஓட்டுகிறார். அந்தப் பெண் அதிர்ந்து பேசமாட்டாள், எல்லாம் வாய்க்குள்ளேதான். தினமும் காலையில் குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, துணி துவைத்துக் காயப்போட மொட்டைமாடிக்குப் போவாள். குழந்தை என் கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் சீக்கிரம் சமையலை முடித்துவிடுவேன். போகும்போதும் வரும்போதும் படியில் நின்று அவள் ஏதாவது சொல்வாள். நானும் சிரித்துத் தலையாட்டுவேன்.

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே தண்ணீர் மீட்டர். பில் என் பேரில் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் காவேரித் தண்ணீர் வரும். அது தரைக்கு அடியில் இருக்கிற சம்ப்பில் நிறையும். மோட்டார் போட்டு மேலே டேங்க்கில் ஏற்றவேண்டும். மோட்டார் ஸ்விட்ச் என் சமையலறையில் இருக்கிறது. காலையில் ஒருதரம் போட்டால் மறுநாள் வரைக்கும் தாங்கும்.

அந்த வருஷம் மகன் தீபாவளிக்கு வந்து போன பிறகு சாயந்திரமே குழாயில் தண்ணீர் நின்றுபோக ஆரம்பித்தது. இரண்டாம் தரம் மோட்டார் போட்டேன். மாதம் முடிந்து பில் வந்தபோது வழக்கமாக வருவதில் இரண்டு பங்கு. பில் கொடுத்தவரே, வீட்டில் விசேஷமா என்று கன்னடத்தில் கேட்டார். ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி நின்றேன்.

மகனிடம் போனில் சொன்னேன். அவன் யோசிக்கவே இல்லை. மாடியில் குழந்தை இருக்கிறது, நாள் முழுக்கத் துணி அலசுகிறார்கள், வேறென்ன, போய்ச் சொல்லு என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, நீ தண்ணீரைக் கொட்டுகிறாய் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பிறந்ததிலிருந்தே நான் அப்படித்தான். கடையில் மிச்சக் காசு குறைந்தாலும் கேட்கமாட்டேன். நீயே சொல்லிவிடு என்று மகனிடம் விட்டேன். நான் செய்த முதல் தப்பு அது. நான் சொல்லியிருந்தால் பதமாகச் சொல்லியிருப்பேன். அவன் அவள் புருஷனைக் கூப்பிட்டு ஆபீசில் பேசுகிற மாதிரி கறாராகப் பேசியிருக்கிறான்.

மறுநாளிலிருந்து குழந்தை என் மடிக்கு வரவில்லை.

நான் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துதான் பார்த்தேன். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் பெரிய துணி மூட்டையோடு படி இறங்கிப் போனாள். சாயந்திரம் அதே மூட்டையோடு திரும்பி வந்தாள். வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் இப்படி. எங்கே போகிறாள் என்று கேட்க வாய் வரைக்கும் வரும், கேட்கமாட்டேன். பிறகுதான் தெரிந்தது. சந்தாபுராவில் அவள் அக்கா வீட்டில் போர்வெல் இருக்கிறதாம். குழந்தைத் துணியைப் பஸ்ஸில் கொண்டுபோய் அங்கே துவைத்துக் காயவைத்து எடுத்து வந்திருக்கிறாள். நீலசந்திராவிலிருந்து ஊர்க்கோடியில் இருக்கிற சந்தாபுரா எவ்வளவு தூரம், அந்த ரோட்டில் பஸ் எப்படி ஊர்ந்து போகும் என்று பெங்களூர்க்காரர்களுக்குத் தெரியும்.

அப்படி இருந்தும் அடுத்த பில் இன்னும் ஏறியது. அதற்கடுத்தது அதையும் தாண்டியது. மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன், நீ ஒன்றும் பேசாதே என்றான். நான் ஒன்றும் பேசவில்லை. அது இரண்டாவது தப்பு.

அந்த மாதக் கடைசியில் அவர்கள் காலி செய்வதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் குழந்தைக்குக் காது குத்த மூன்று பேரும் ஊருக்குப் போனார்கள். போகும்போது அவள் என்னைக் கூப்பிடவில்லை, படியில் நின்று சாவியைக் காட்டித் தலையை அசைத்தாள். நானும் அசைத்தேன். மாடி மூன்று நாள் பூட்டிக் கிடந்தது.

முதல் நாள் காலையில் டேங்க்கை நிரப்பினேன். நான் ஒருத்தி. ஒரு வாளித் தண்ணீரில் குளித்து ஒரு குடத்தில் சமைக்கிறவள். ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவக் குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு இல்லை.

மறுநாளும் அப்படித்தான். அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாடியில் ஆளே இல்லை. குழந்தையும் இல்லை, துணியும் இல்லை. அப்படியானால் இத்தனை நாள் அந்தப் பெண் மூட்டை தூக்கிப் போனது எதற்காக? என் பொருட்டு. நான் வாய் திறக்காததால்.

அவர்கள் திரும்பி வந்த அன்றைக்கே, தெருக்கோடியில் குழாய்ச் சாமான் கடை வைத்திருக்கும் பாயை நானே போய்க் கூட்டி வந்தேன். நானாகப் போய் ஒரு ஆளைக் கூட்டி வந்தது அதுதான் முதல் தரம். அவர் சமையலறைக் குழாய், பின்பக்கத்துக் குழாய், என் பாத்ரூம் எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்றும் ஒழுகவில்லை. தரைக்கு அடியில் பைப் உடைந்திருந்தால் தரையைத்தான் பெயர்க்கவேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்துப் போட்ட தரை. நான் அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே அவர் பின்னால் நடந்தேன். மகன் அறைக்கு முன்னால் வந்ததும் அவர் கையைத் தூக்கி என்னைப் பேசவேண்டாம் என்றார். தலையைச் சாய்த்துக் கதவுப் பக்கம் காதைக் கொடுத்தார்.

"க்யா அம்மா, உள்ளே இத்தினி சத்தம் வர்து. உங்களுக்குக் கேக்கலியா?"

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. என்ன சத்தம் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். பேச்சுக் குரல் கேட்டு அந்தப் பெண் குழந்தையோடு படியிறங்கி வந்து நின்றிருந்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சாவி எடுத்து வந்து திறந்தேன். பாய் நேராகப் போய்ப் பாத்ரூம் கதவைத் தள்ளினார். விளக்கைப் போட்டும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தரை காய்ந்துதான் இருந்தது. டாய்லெட் பீங்கானும் எப்போதும் போல்தான் இருந்தது. எங்கே தண்ணீர், எங்கே தண்ணீர் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அந்தப் பெண் குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். என் கையைப் பிடித்து, ஃப்ளஷ் டேங்க்குக்குத் தண்ணீர் போகிற குழாயின் மேல் வைத்தாள்.

குழாய் ஜில்லென்று நடுங்கிக்கொண்டிருந்தது. பூனையின் மேல் கை வைத்தால் உள்ளே ஒன்று ஓடுமே, அந்த மாதிரி. தீபாவளியிலிருந்து, மேலே டேங்க்கில் தண்ணீர் இருந்த வரைக்கும், ராத்திரி பகல் என்று நிற்காமல் ஓடியிருக்கிறது. ஃப்ளஷ் டேங்க்கில் நிறைந்த தண்ணீர், மிதவை அதை நிறுத்தாததால், உள்பக்கமாகவே பீங்கானுக்குள் வழிந்து போயிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. சத்தத்தில்தான் தெரியும். எனக்கு அந்தச் சத்தம் விழவில்லை.

பாய் கால்மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார். தேய்ந்துபோன வாஷரை என் கையில் கொடுத்து, பொத்தானைவிடப் பெரிசு இல்லை பாருங்கம்மா, இது உங்களை என்ன பாடு படுத்திடுச்சு என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு நானும் அவளும்தான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள்தான் முதலில் பேசினாள். எனக்கு நேராக வந்து நின்று கொஞ்சம் உரக்கப் பேசினாள், அதனால் எல்லாம் கேட்டது.

"மூணு வாட்டி உங்கள்ட்ட சொன்னேன்மா. உங்க பின்னாடி ரூம்ல தண்ணி போய்ட்டே இருக்குது, எங்க பாத்ரூம் ஜன்னல்ல சத்தம் கேக்குதுன்னு. நீங்க சிரிச்சிட்டு தலையாட்னீங்க. தெரிஞ்சுதான் விட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"அப்புறம் என் பையன் திட்டினப்ப ஏன் கண்ணு சொல்லல?"

"வீட்டுக்காரங்க நீங்க. தெரியும்னு தலையாட்னவங்கள்ட்ட போய், உங்க வீட்லதான் தண்ணி போவுதுன்னு எப்படி திரும்ப சொல்றது? எங்க மேல கோவம், காலி பண்ண வெக்க சாக்கு பாக்கறீங்கன்னு அவரு சொன்னாரு. நானும் அதான் நெனச்சேன்."

படியில் நின்று அவள் சொன்னதெல்லாம் அதுதான். வெயில் ஏறுதும்மா, குழந்தை தூங்குதும்மா என்று ஏதோ சொல்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று வருஷமாகவே மெல்லிய குரல் எனக்கு எட்டுவதில்லை. ஆண்பிள்ளைக் குரல் கேட்கும், மெதுவாகப் பேசுகிற பெண் குரல் கேட்காது. இன்னொரு தரம் சொல்லு என்று கேட்கக் கூச்சம். சிரித்துத் தலையாட்டினால் எல்லாரும் சந்தோஷமாகப் போய்விடுகிறார்கள், அதனால் அப்படியே பழகிவிட்டேன். மகனுக்குக்கூட இது தெரியாது. போனில் அவன் குரல் பெரிதாகக் கேட்கும்.

வாயைத் திறந்தேன்.

"எனக்குக் காது கேக்கல கண்ணு."

ஒரு மனுஷியிடம் நான் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அழுகை வந்துவிட்டது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேலிச் சிரிப்பு இல்லை, பெரிய பாரத்தை இறக்கி வைத்தவள் சிரிக்கிற சிரிப்பு.

"எங்க மாமியாருக்கும் கேக்காதும்மா. ஆனா அது ஊரே கேக்கற மாதிரி கத்தும், எல்லாருக்கும் தெரியும். நீங்க சிரிச்சா யாருக்கும்மா தெரியும்?"

சொல்லிவிட்டுக் குழந்தையை என்னிடம் நீட்டினாள். காதில் புதுசாகப் போட்ட பொடித் தோடு. மூன்று மாதத்தில் கனம் ஏறியிருந்தது. ஆள் அடையாளம் தெரியாமல் கொஞ்ச நேரம் உதட்டைப் பிதுக்கியது, பிறகு என் கண்ணாடியைப் பார்த்ததும் கையை நீட்டியது.

அன்றைக்கே மகனுக்குப் போன் போட்டேன். அவளை வீட்டை விட்டு அனுப்பமாட்டேன் என்றும், அவள் புருஷனிடம் நீயே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றும் சொன்னேன். என் பேச்சில் இருந்த உறுதி எனக்கே புதுசாக இருந்தது. ஃப்ளஷ் டேங்க் கதையைக் கேட்டதும் அவன் சொன்னான்: "அம்மா, ஊருக்குக் கிளம்பும்போது ஆட்டோல இருந்து சொன்னேனே, டேங்க் நிக்க மாட்டேங்குது, அடியில இருக்கிற வால்வை மூடிடுன்னு. நீ தலையாட்டினியே."

அவனும் சொல்லியிருக்கிறான், ஆட்டோ இரைச்சலில் எனக்கு விழவில்லை. கையசைத்துப் போய்வருகிறேன் என்கிறான் என்று நினைத்து நான் தெருவில் நின்று ஆனமட்டும் தலையாட்டியிருக்கிறேன். அந்த வருத்தத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் அன்று ராத்திரியே மாடிக்குப் போன் செய்தான். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் அந்தப் பையன், அவள் புருஷன், கட்டி வைத்திருந்த பாத்திர மூட்டையைப் பிரிக்கிற சத்தம் மட்டும் எனக்கே நன்றாகக் கேட்டது.

அடுத்த வாரம் அவள்தான் என்னை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் கேட்ட கேள்வியையெல்லாம் என் முழங்கையைத் தொட்டுத் திரும்பச் சொன்னாள். இப்போது காதுக்கு மெஷின் இருக்கிறது. அது ஒரு பக்கம் கரகரக்கும், அதனால் எல்லா நேரமும் போட்டுக்கொள்வதில்லை. அவளும் படியில் நின்று பேசுவதை விட்டுவிட்டாள், எதிரில் வந்து நின்று சொல்கிறாள். குழந்தை இப்போது தானே படியிறங்கி வந்துவிடுகிறது.

யாராவது சொன்னது விழாவிட்டால் இன்றைக்கும் முதலில் தலைதான் ஆடப் பார்க்கிறது. பிடித்து நிறுத்திக்கொண்டு, கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்கிறேன். சொல்லும்போது முகம் சூடாகிறது. அந்தக் கூச்சம் அரை நிமிஷம்தான். அரை நிமிஷத்துக்குப் பயந்து ஒரு பெண்ணைத் துணி மூட்டையோடு சந்தாபுரா வரைக்கும் அலையவிட்டேனே என்பது என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

மாதக் கணக்கும் பில் கணக்கும் முன்னே பின்னே இருக்கலாம். அவள் பேசினதாக எழுதியிருப்பதிலும் நான் பாதிதான் கேட்டிருப்பேன். அச்சில் போடுவதற்கு முன்னால் யாராவது மாடி வீட்டுப் பெண்ணைக் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். தப்பு இருந்தால் தயங்காமல் என்னிடம் சொல்லுங்கள், காதில் விழாவிட்டால் நானே திரும்பக் கேட்டுக்கொள்கிறேன்.