பின்னாலிருந்து கூப்பிடாத காலை

பிரெஞ்சும் கிரியோலும் கலந்து பேசும் எங்கள் தீவில் நாங்கள் 'லெசான்ஸ்' என்று சொன்ன பெட்ரோலின் வாடையும், சக்கரங்களுக்கு அடியில் நசுங்கிய நான்கு எலுமிச்சம்பழங்களின் வாசனையும், அவற்றோடு கொஞ்சம் சூடப்புகையும் கலந்து, எங்கள் செமின் கிரனியே கடைத்தெருவில் ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில் என் மூக்கில் ஏறின. இந்த வயது வரைக்கும் இறங்கவில்லை. எங்கள் ஊருக்கு முதல் பேருந்து வந்த நாள் அது. கோயில் பூசாரி அதன் நெற்றியில் திருநீறு பூசினார். ஓட்டுநர் அலெக்சி கழுத்தில் சிலுவை போட்ட கிரியோல்காரர். அவரும் எதற்கு வம்பு என்று தன் நெற்றியிலும் ஒரு கோடு இழுத்துக்கொண்டு, பழங்களின் மேல் சக்கரத்தை ஏற்றினார். முதலாளி அதன் முகப்பில் பிரெஞ்சில் ஏதோ அழகான பெயர் எழுதி வைத்திருந்தார். அதை யாரும் படிக்கவில்லை. புறப்படும்போதெல்லாம் நாலு தரம் இருமிவிட்டுத்தான் அது நகரும் என்பதால் ஊர் அதற்கு 'இருமல்காரி' என்று பெயர் வைத்தது.

இருமல்காரி எங்களைப் படுத்திய பாட்டைச் சொல்லி மாளாது. காலை ஆறு மணிக்கு வரும் என்று கடைவாசலில் பலகை அடித்திருந்தார்கள். ஏழுக்கு வரும், எட்டுக்கு வரும், சில நாள் வராமலே இருந்துவிடும். சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகிற பெண்கள் கூடைகளோடு காத்திருந்து கீரை வாடிப்போய்த் திரும்புவார்கள். வந்தாலும் ஊருக்கு வெளியே உள்ள மேட்டில் ஏறும்போது அதன் மூக்கிலிருந்து ஆவி கிளம்பும். எல்லோரும் இறங்கி, சோற்றுப் பாத்திரத்தைக் காலி செய்து ஓடையில் தண்ணீர் மொண்டு வந்து அதற்கு ஊற்ற வேண்டும். மழை பெய்தால் பக்கவாட்டுத் துணியை அவிழ்த்துவிடுவார்கள். மழை உள்ளேயும் காற்று வெளியேயும் நின்றுகொள்ளும். இரண்டு தடவை என் அப்பாவின் மாடுகள்தான் அதைக் கட்டி இழுத்து வந்தன. அந்த இரண்டு நாளும் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "மாட்டுக்குப் பசிச்சா கத்தும், வலிச்சா படுத்துக்கும். இந்த லோத்தோபிஸுக்கு என்ன வேணும்னு எவனுக்குத் தெரியும்?" என்று பேருந்தைப் பழித்து ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அப்பாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் கரும்புத் தோட்டமும், 'சாரெத்' என்று நாங்கள் சொல்லும் ஒரு மாட்டுவண்டியும் இருந்தன. அறுவடைக் காலத்தில் அந்த வண்டி வெளிச்சம் வருமுன்பே ஆலைக்குக் கிளம்பும். கிளம்பிய மனிதனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கூப்பிட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். அப்படியானால் அப்பா சுருட்டையோ சாட்டையையோ மறந்துவிட்டுப் போனால் என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி இருந்தது. சாலை ஆலைப்பக்கம் ஒரு பெரிய வளைவு வளைந்து கல்பாலத்துக்கு வரும். நான் கரும்புக்கு நடுவே உள்ள ஒற்றையடிப் பாதையில் குறுக்கே ஓடி, வண்டி வருமுன்பே பாலத்தில் போய் நின்றுகொள்வேன். முன்னால் எதிர்ப்பட்டால் தோஷமில்லை. அப்பாவும் ஒன்றும் தெரியாதவர் போல, "அட, பாப்பா! நீ எங்கே இந்தப் பக்கம்?" என்று கேட்டு, நான் நீட்டுவதை வாங்கிக்கொண்டு போவார். எங்கள் இருவருக்கும் அது ஒரு விளையாட்டு.

ஒரே ஒரு தடவை மட்டும், தூக்கக் கலக்கத்தில், "அப்பா!" என்று பின்னாலிருந்து கத்திவிட்டேன். அன்றைக்குப் பார்த்து வண்டியின் அச்சு முறிந்தது. கவிழ்ந்த வண்டியில் அப்பாவின் முழங்கை பிசகிவிட்டது. யாரும் என்னை அடிக்கவில்லை, ஆனால் அப்பாவின் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்போது எனக்கு எட்டு வயது.

அதற்கு அடுத்த ஆண்டுதான் நான் சொல்ல வந்த காலை.

என் அண்ணன் சுப்பையா எனக்கு மூன்று வயது மூத்தவன். கணக்கில் புலி. கியூர்பிப் நகரத்தில் ஒரு பரீட்சை நடக்கும், அதில் தேறினால் பெரிய கல்லூரியில் சம்பளம் இல்லாமல் படிக்கலாம் என்று பள்ளிக்கூட வாத்தியார் அப்பாவிடம் வந்து சொன்னார். வயது வரம்பு உண்டு; அந்த ஆண்டை விட்டால் அண்ணனுக்கு வேறு ஆண்டு கிடையாது. எங்கள் தெருவில் அதுவரை யாரும் அந்தப் பரீட்சைக்குப் போனதில்லை. வயதுக்கு அத்தாட்சியாகப் பிறப்புச் சீட்டைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்று வாத்தியார் மூன்று முறை சொன்னார். அதை எங்கள் ஊரில் 'லாக்' என்போம்.

சூயாக் போய் ரயில் பிடிப்பது சுற்றுவழி, மாட்டுவண்டி நேரத்துக்குப் போய்ச் சேராது. வேறு வழியில்லாமல் அப்பா இருமல்காரிக்குச் சம்மதித்தார். முந்தின நாள் சாயங்காலம் அம்மா அந்த லாக்கை முருகன் படத்துக்கு முன்னால், குங்குமத் தட்டின் அடியில் வைத்துக் கும்பிட்டாள். வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் எது?

ஆறு மணி என்றால் ஏழு என்று கணக்குப் போட்டுத்தான் மறுநாள் எல்லோரும் நிதானமாக இருந்தோம். அண்ணன் ஒரு கையில் சட்டைப் பொத்தானும் ஒரு கையில் ரொட்டியுமாக நின்றிருந்தான். ஆறடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைத்தெருவில் ஊதல் கேட்டது. என்றும் இல்லாத வழக்கமாக அது முன்னதாக வந்துவிட்டது! "ஓடு, ஓடு" என்று அப்பா பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓட, அண்ணன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினான். அம்மா வாசலில் நின்று கைகூப்பிவிட்டு, பால் கறக்கக் கொல்லைப்பக்கம் போனாள். நான் விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனேன்.

குங்குமத் தட்டின் அடியில் லாக் அப்படியே இருந்தது.

எடுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தேன். பேருந்து இன்னும் கடைவாசலில்தான் நின்றது. எங்கள் வாசலிலிருந்து இருநூறு அடி எடுத்து வைக்கும் தூரம். இருமிவிட்டு அணைந்து போயிருந்தது. அலெக்சி முன்னால் குனிந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். காற்றுகூட இல்லாத காலை. அண்ணன் கடைசி இருக்கையில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். எண்ணெய் வைத்து வாரிய அவன் தலை நன்றாகத் தெரிந்தது. ஒரு குரல் போதும். கூப்பிட வாயைத் திறந்தேன். அப்பாவின் முழங்கை நினைவுக்கு வந்தது, அம்மாவின் பார்வை நினைவுக்கு வந்தது. கூப்பிட்டால் அண்ணன் பரீட்சையில் தோற்றுப்போவான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குள் இயந்திரம் பிடித்துக்கொண்டது. பேருந்து கிளம்பியது. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் நான் ஓடினேன். கரும்புச் சோகை முகத்தைக் கீறியது. பனியில் காகிதம் நனையாமல் இருக்க அதைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டேன். மாட்டை முந்திப் பழகிய கால்கள் இயந்திரத்தையும் முந்திவிடும் என்று நம்பினேன். பாதி நம்பிக்கை பலித்தது. பாலத்தில் ஏறி நான் ஓரமாய் நிற்கவும் இருமல்காரி வளைவில் திரும்பவும் சரியாக இருந்தது. காகிதத்தைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தினமும் அந்தப் பாலத்தில் நின்று பேருந்துக்குக் கையாட்டுவோம். அலெக்சியும் தினமும் ஊதலை அமுக்கிச் சிரித்துவிட்டுப் போவார். அன்றும் ஊதினார், சிரித்தார், போனார். கடைசி இருக்கையிலிருந்து அண்ணன் என்னைப் பார்த்தான். அவன் முகமெல்லாம் சிரிப்பு. எனக்குக் கையாட்டினான்.

பேருந்து என்னைத் தாண்டியதும் நான் மறுபடியும் அதற்குப் பின்னால் ஆகிவிட்டேன். அப்போதும் கூப்பிடவில்லை. மேட்டில் ஏறும்போது எப்படியும் நின்றுவிடும், ஆவி கக்கும், எல்லோரும் இறங்குவார்கள், நான் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நிற்கலாம் என்று சத்தமில்லாமல் பின்னாலேயே ஓடினேன். மேட்டின் உச்சிவரை ஓடினேன். சாலையில் புகைவாடை மட்டும்தான் இருந்தது. எத்தனையோ பேரை எத்தனையோ நாள் நடுவழியில் நிறுத்திய அந்தப் பாழாய்ப்போன வண்டி, அன்று ஒருநாள்தான் எங்கும் நிற்காமல் கியூர்பிப் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் திரும்பி வந்த அப்பா முற்றத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பையன் இருக்கான், பேரு இருக்கு. வயசு மட்டும் காயிதத்திலேதான் இருக்காம். அந்தப் பரீட்சைக்கார மிசியே சொல்லிப்புட்டான்" என்றார். அண்ணன் அழவில்லை. செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு மாட்டுக்குப் புல் போடப் போனான். அம்மாதான் முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்று, "உன்கிட்டே வெச்சது தப்பா?" என்று கேட்டு அழுதாள். காகிதத்தைப் பார்த்தபோது பேருந்து போய்விட்டது என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். வாசலில் வாயைத் திறந்து மூடியதைச் சொல்லவில்லை.

அண்ணன் பத்து ஆண்டு கரும்பு வெட்டினான். பிறகு அதே சாலையில் ஓடிய வேறொரு பேருந்தில் நடத்துநராகச் சேர்ந்தான். கணக்கில் புலி என்பதால் சில்லறையில் தவறே வராது என்று முதலாளிக்கு மகிழ்ச்சி. ஆனால் ஒரு குறை இருந்தது: சாலையோரம் ஒரு குழந்தை கையைத் தூக்கினால் போதும், அண்ணன் மணியடித்து வண்டியை நிறுத்திவிடுவான். இறங்கிப்போய், "என்ன வேணும், என்ன கொண்டாந்தே?" என்று கேட்பான். குழந்தைகள் சிரித்துக்கொண்டு ஓடிவிடும். அவசரமாகப் போகிறவர்கள் திட்டுவார்கள். முப்பது ஆண்டு அப்படித் திட்டு வாங்கினான்.

எங்கள் இருவருக்கும் தலை நரைத்த பிறகு, அம்மாவின் திதி நாளில் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாசலில் நின்றது, ஒரு குரல் தூரம், அப்பாவின் முழங்கை எல்லாம். அவன் சிரிக்கத் தொடங்கினான்.

"பைத்தியம்! வண்டிய நிறுத்தச் சொல்லிக் கிரியோல்லே 'அரேதே'ன்னு கத்தியிருக்கலாமே. நம்ம சாமிக்குக் கிரியோல் எங்கே தெரியப் போவுது?"

நானும் சிரித்தேன், அப்புறம் அடக்க முடியாமல் அழுதேன். அவன் என் தலையில் கை வைத்தான். "நான் என்ன நெனச்சேன் தெரியுமா, பாப்பா? தங்கச்சி என்னை வழியனுப்ப இவ்வளவு தூரம் ஓடியாந்திருக்கான்னு நெனச்சேன். கியூர்பிப் போற வரைக்கும் அந்தச் சந்தோஷத்திலேதான் உட்கார்ந்திருந்தேன்" என்றான். அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

இப்போது எங்கள் ஊரில் மாட்டுவண்டி இல்லை. கல்பாலத்தை அகலப்படுத்திச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். நான் ஓடிய ஒற்றையடிப் பாதையின் மேல் மாடிவீடுகள் வந்துவிட்டன. பேருந்துகள் நேரத்துக்கு வருகின்றன. பாலத்தில் நின்று யாரும் அவற்றுக்குக் கையாட்டுவதில்லை. என் பேரப்பிள்ளைகள் கிளம்பிப் போகிறவர்களைத் தெருமுனை வரைக்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிறுத்துகிறார்கள், அவர்களுடைய காரியங்களும் நன்றாகத்தான் நடக்கின்றன. நான்தான் ஒவ்வொரு முறையும் காதைப் பொத்திக்கொள்கிறேன்.

சென்ற தை மாதம் அண்ணன் போய்விட்டான். வீட்டுப் பெண்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும் என்பதால், அவனை ஏற்றிய கறுப்பு மோட்டார் வண்டி தெருவில் திரும்புவதை நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைவாசல் வரைக்கும் போயிருக்கும். இனிக் கெட்டுப்போக என்ன காரியம் இருக்கிறது என்று தோன்றியதோ என்னவோ, எனக்கே தெரியாமல், "அண்ணே!" என்று பின்னாலிருந்து கத்திவிட்டேன்.

வண்டி நின்றது. ஓட்டுநர் பையன் கதவைத் திறந்து இறங்கி என்னிடம் ஓடி வந்தான். "கின் அரிவே, தாந்தின்?" என்றான். என்ன ஆச்சு அத்தை, எதையாவது மறந்துவிட்டோமா என்று கேட்கிறான். நான் என் கையைப் பார்த்தேன். அதில் கொடுக்க ஒன்றும் இல்லை. போய் வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வண்டிக்கு அப்படியும் சொல்லக் கூடாது.

கையை மட்டும் ஆட்டினேன்.