ஐம்பது ஆம்பியர் போதும்

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகும் சாலையில் ஜெஸியின் கடை இருக்கிறது. கார், ஜீப், வேன்களுக்கு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் மாட்டிக்கொடுக்கும் கடை. முதல்முறை வருகிறவர்கள் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, மெக்கானிக் எங்கே என்று கேட்பார்கள். "நான்தாங்க, சொல்லுங்க" என்பாள். ஐந்து வருடமாகச் சொல்லிச் சொல்லி, அதில் கோபப்பட அவளுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

ரிஷிவந்தியம் பக்கத்தில் கூலிவேலை செய்த குடும்பம் அவளுடையது. பாலிடெக்னிக் முடித்ததும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், கார்களுக்கு வயர் கட்டுகள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வருடம் வேலை பார்த்தாள். எந்த வயரைத் தொட்டாலும் அது எவ்வளவு கரண்ட் தாங்கும் என்பது அங்கே அவள் விரலில் ஏறிவிட்டது. ஜானைக் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பியபோது இன்னொரு கம்பெனியைத் தேடவில்லை, கடை பிடித்தாள்.

போன வைகாசியில் ஒரு வியாழக்கிழமை காலை, வெள்ளிமலையிலிருந்து இளமாறன் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். பக்கத்து சீட்டில் அவன் மனைவி கலையரசி. மறுநாள் தியாகதுருகத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டாரை மலைக்கு ஏற்றிப்போக வேண்டும். வழிநெடுகப் பாட்டு ஓட வேண்டும் என்பது பேச்சு. ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் நாற்பது ஆம்பியர் ஃபியூஸோ மூன்றாம் முறையாகப் போயிருந்தது. ஒரு மாதம் முன்பு இரண்டாம் முறை போனபோது, புது ஃபியூஸ் மாட்டி அனுப்பியதே ஜெஸிதான்.

"நாப்பது தாங்கலக்கா. நூறு ஆம்பியர் ஒன்னு போட்டு வுடுங்க. என் ஃப்ரெண்டு வண்டியில அதான் ஓடிக்கினு இருக்குது."

"நூறு போட மாட்டேன் தம்பி."

"என் வண்டிக்கா. எது ஆனாலும் நான் பாத்துக்கறேன்."

ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்ற மட்டும் இல்லை, பேட்டரியிலிருந்து பின்சீட் வரை ஓடும் வயரைக் காப்பாற்றத்தான் முக்கியமாக இருக்கிறது என்று ஜெஸி சொன்னாள். வயர் தாங்காத கரண்டை நூறு ஆம்பியர் ஃபியூஸ் பேசாமல் விட்டுவிடும். உருகுவது வயராக இருக்கும். இளமாறன் காதில் வாங்கவில்லை. வேறு கடை பார்த்துக்கொள்வதாகச் சாவியைத் திருகினான்.

ஜெஸி நகராமல் ஒன்று மட்டும் கேட்டாள். ஃபியூஸ் போனபோது பாட்டு எவ்வளவு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது?

பதில் கலையரசியிடமிருந்து வந்தது. "பாட்டே ஓடலியேக்கா. எனக்குத் தலவலின்னு அவரு செட்ட நிறுத்திட்டாரு. கொண்டை ஊசி வளைவுல திரும்பசொல்ல டப்புனு ஒரு சத்தம். அப்புறம் கீழ வந்து போட்டா, செட்டு வேலை செய்யல."

இளமாறன் சாவியிலிருந்து கையை எடுத்தான். செட்டே ஓடாதபோது ஃபியூஸ் போகிறதென்றால், அதற்குக் காரணம் பாட்டின் சத்தம் இல்லை. வழியில் எங்கோ வயர் வண்டியின் தகரத்தைத் தொட்டு ஷார்ட் ஆகிறது. இந்தக் கேள்வியை ஒரு மாதம் முன்பே கேட்டிருக்க வேண்டும் என்று ஜெஸிக்குச் சுருக்கென்றது. அதை மறைக்கவும் இல்லை. "போன தபா நான் கேக்காம மாட்டி வுட்டுட்டேன். என் தப்புதான். எறங்குங்க, பாத்துடலாம்."

பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தாள். என்ஜினுக்கும் டிரைவருக்கும் நடுவே இருக்கும் தகரத்தில் ஓட்டை போட்டு, ரப்பர் வளையம்கூட வைக்காமல், முன்பு வேறு கடையில் செட் மாட்டியவர்கள் வயரை நுழைத்திருந்தார்கள். வளைவுக்கு வளைவு உரசி, அந்த இடத்தில் உறை பிய்ந்து கம்பி தெரிந்தது. ஒரு சாண் கீழே டீசல் குழாய் ஓடியது. இளமாறனும் குனிந்து பார்த்தான். மறுநாள் பத்துப் பேரை ஏற்றப்போகிற வண்டி.

"நூறு போட்டிருந்தா?" என்றான்.

"வயரு பத்திக்கினு இருக்கும். ஃபியூஸ் அப்படியே நின்னிருக்கும்."

வயரை வெளியே இழுத்து நுனியை வெட்டிக் கத்தியால் சுரண்டினாள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. தடியாகத் தெரிந்ததெல்லாம் பிளாஸ்டிக் உறைதான். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பதினாறு சதுர மில்லிமீட்டர் அசல் செம்பு வயர் இழுத்தாள். ஓட்டையில் ரப்பர் வளையம் வைத்தாள். ஆம்ப்ளிஃபயரின் முதுகில் இருபத்தைந்து ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருந்தன, சேர்த்தால் ஐம்பது. புது வயர் அதற்கு மேலேயே தாங்கும். பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஐம்பது ஆம்பியர் ஃபியூஸைப் பொருத்தினாள். செட்டை முழுச் சத்தத்தில் கால் மணி நேரம் ஓடவிட்டு வயரைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை.

மறுநாள் அவளுக்குப் பயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஜீப் மலை ஏறும் நேரத்தில் இரண்டு முறை போனை எடுத்துப் பார்த்தாள். மதியம் கலையரசி கூப்பிட்டாள். வெள்ளிமலை வரை பாட்டு நிற்கவே இல்லையாம். பாதி வழியில் மாப்பிள்ளையின் சித்தப்பாதான், காது போகுது, கொஞ்சம் கம்மி பண்ணு என்று கெஞ்சினாராம்.

அடுத்த வாரமே இளமாறன் சொன்ன அந்த நண்பன் முனியன் ஜீப்போடு வந்தான். ஜெஸியிடமே நேராக வந்து, தன் வண்டியில் இருக்கும் நூறு ஆம்பியர் ஃபியூஸைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றான். அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு பானெட்டைத் தூக்கினாள்.