சிட்டகாங்கில் சேமிப்பை விட்டுவந்த அருள்தாஸ் சார்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, சேலையூரில் எங்கள் வீட்டு வாசலில் பல்லாவரம் ஹமீது பாய் வந்து நின்றார். சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். “நம்ம சார் பூட்டாரும்மா. காபி கேட்டாராம். கொண்டாறதுக்குள்ள...” என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தம் குடும்பத்தில் ஒருவர் போனதுபோல் அவர் அழுததற்குக் காரணம் உண்டு. அருள்தாஸ் சாரை அறிந்தவர்களில் பலருக்கு அது தெரியாது.

சார், அப்போது கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த சிட்டகாங்கில் ஒரு படகுக் கம்பெனியில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் விடுமுறைக்குத் தாம்பரம் வந்திருந்தபோது இந்திய-பாகிஸ்தான் போர் மூண்டது. திரும்பிப் போக முடியவில்லை. அங்கே இருந்த அவருடைய சேமநிதி, வங்கிப் பணம் எல்லாவற்றையும் எதிரி நாட்டார் சொத்து என்று பாகிஸ்தான் முடக்கிவிட்டது. இங்கேயும் அதே கதைதான். பாகிஸ்தான் குடிமக்களின் சொத்துகளை நம் அரசு எடுத்துக்கொண்டது. அந்தப் பணியைச் செய்த அலுவலகத்தில் நான் தட்டச்சர். பிழைப்புக்காக சார் அங்கேயே தற்காலிக ஆய்வாளராகச் சேர்ந்தார்.

அவர் கைக்கு வந்த முதல் பெரிய கோப்பு ஹமீது பாயுடையது. தோல் பதனிடும் கூடம் ஒன்று அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் இருந்தது. அண்ணன் கராச்சிக்குக் குடிபெயர்ந்துவிட்டார். தம்பி ஹமீதும் போய்விட்டவர்தான், முழுவதையும் பூட்டுங்கள் என்று யாரோ மனுப் போட்டிருந்தார்கள். சீல் வைக்கப் போன சார், வைக்காமல் திரும்பி வந்தார்.

“சுண்ணாம்புத் தொட்டியில தோல் ஊறிக்கிட்டு இருக்கு சார். இன்னைக்குப் பூட்டினா எல்லாம் அழுகிடும். அந்தத் தம்பி எங்கயும் போகல. அங்கயே நிக்கிறார்” என்றார் அதிகாரியிடம்.

அதிகாரிக்கு முகம் சிவந்தது. “அங்க உங்க பணத்தையே முடக்கிட்டாங்க. இங்க எடுக்கிறதுலேர்ந்துதான் உங்களுக்கு ஈடு கிடைக்கும்னு பேச்சு. உங்களுக்குக் கோபம் வரலையா?”

“ரொம்ப வருது சார். ஆனா என் பணத்தை எடுத்தது இந்த ஹமீது இல்லையே.”

அடுத்த மூன்று நாளும் சார் பல்லாவரத்தில் வீடு வீடாக நடந்தார். போருக்கு முன்பு அண்ணன் மகள் திருமணத்துக்காக ஹமீது கராச்சி போனதும், இரண்டே மாதத்தில் திரும்பியதும் பாஸ்போர்ட்டில் பதிந்திருந்தன. ரேஷன் கார்டும், கூடத்தில் வேலை செய்தவர்களின் வாக்குமூலமும் சேர்ந்தன. கடைசியில் அண்ணன் பங்கு மட்டும் அரசுக்குப் போனது. கூடம் ஒரு நாளும் நிற்கவில்லை. சாரின் வேலை நிரந்தரமாவதுதான் நான்கு வருடம் தள்ளிப்போனது. “எதிரிக்கு வக்காலத்து” என்று அலுவலகத்திலேயே சிலர் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

அவரைத் துறவி என்று நினைத்துவிடாதீர்கள். தம் பணத்தை அவர் ஒருபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. எழுபத்தொன்றில் வங்காளதேசம் பிறந்தபோது சிக்கல் இரட்டிப்பானது. பணத்தை முடக்கியது ஒரு நாடு, பணம் இருந்த ஊர் இப்போது வேறொரு நாடு. பழைய சொத்தும் கடனும் யாருக்கு என்று அந்த இரு நாடுகளும் தமக்குள் வழக்காடிக்கொண்டிருந்தன. சார் இரண்டு அரசுக்கும் வருடந்தோறும் எழுதினார். “ரெண்டு பேரும் அவரைக் கேளு, இவரைக் கேளுன்றாங்க. நான் ரெண்டு பேரையும் கேட்டுக்கிட்டே இருப்பேன்” என்பார். நம் அரசு இடையில் ஈடாகக் கொடுத்த சிறு தொகையில் வீட்டுக்கு மின்சாரம் இழுத்தார். மீதி வரவே இல்லை.

கோபக்காரர். தட்டச்சில் ஒரு பிழை இருந்தாலும் தாள் மேசைக்குத் திரும்பி வரும். ஹமீது பாய் கோப்பின் இறுதி அறிக்கையை நான் அடித்துக் கொடுத்த அன்று, பிழையே இல்லாத பக்கத்தைத் திருப்பி நீட்டினார்.

“‘எதிரியின் தம்பி’ன்னு அடிச்சிருக்கீங்க.”

“கோப்புல அப்படித்தான் சார் இருக்கு.”

“அவருக்குப் பேர் இருக்கும்மா. பேரை அடிங்க.”

எரிச்சலோடு புதுத் தாள் செருகி, ஆறு பக்கத்தையும் மறுபடி அடித்தேன். அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் நான் இருந்த வரையில், பெயர் இல்லாமல் ஒரு மனிதரைப் பற்றி ஒரு வரியும் அடித்ததில்லை. சாரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அது.