கொத்மலைக்குக் கொண்டுபோன ஏழு அங்குல ரப்பர் மீன்

இந்த வலைப்பதிவில் அதிகம் பேர் பார்த்தது போன சித்திரையில், 2005 ஏப்ரலில், நான் போட்ட ஒரு படம். கொத்மலை நீர்த்தேக்கக் கரையில் மூன்று கிலோ நானூறு கிராம் விராலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நிற்கிறேன். எந்த இரையில் பிடித்தீர்கள், எப்படிப் போவது, எவ்வளவு செலவு என்று இன்றுவரை பின்னூட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. நேரமில்லை என்று சொல்லி ஏழு மாதம் கடத்திவிட்டேன். அது பொய். வெட்கம்தான் காரணம். இரை, வழி, செலவு எல்லாவற்றோடும் அந்தப் படத்தில் தெரியாத மிச்சத்தையும் இப்போது எழுதிவிடுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தான். கனடாவில் ஏழு வருடம் இருந்துவிட்டுச் சமாதானக் காலத்தில் கொழும்புக்குத் திரும்பியவன். அங்கே குளிரும் பிடிக்கவில்லை, சாப்பாடும் பிடிக்கவில்லை. பிடித்தது ஒன்றுதான், ஏரியில் பாஸ் மீன் பிடிப்பது. பாஸ் பெரிய வாய்க்காரன். புல்லுக்குள் ஒளிந்திருந்து கிட்ட வருவதை ஒரே பாய்ச்சலில் விழுங்குவான். விரல் நீள இரையைப் போட்டால் சின்ன மீன்கள் பத்து வரும். பெரியது வேண்டுமானால் இரையும் பெரிதாக வேண்டும், ஒரேயொரு கடிக்காக நாள் முழுக்கக் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும்.

அதற்காகச் செய்யப்பட்டவைதான் துடுப்பு வால் ரப்பர் மீன்கள். உடம்பு மென்மையான பிளாஸ்டிக். வாலின் நுனி மட்டும் அகன்று, கீழ்நோக்கி மடிந்திருக்கும். மெதுவாக இழுத்தால் வால் இரண்டு பக்கமும் அடித்து, உயிருள்ள மீன் போகிற அதிர்வைத் தண்ணீரில் உண்டாக்கும். நம் நாட்டில் பாஸ் கிடையாது. ஆனால் விராலுக்குக் கிட்டத்தட்ட அதே குணம், அதே புல், அதே பெரிய வாய். ஆகவே ஐந்து அங்குலம், ஏழு அங்குலம், எட்டு அங்குலம் என்று மூன்று அளவில் ஒரு பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை 9.45 ரயில். தலவாக்கலைக்கு இரண்டாம் வகுப்பு 130 ரூபா. பிற்பகல் மூன்று மணிக்குப் போக வேண்டியது மூன்றரைக்குத்தான் போனது. ஹட்டன் தாண்டியதும் வலது பக்க ஜன்னலோரம் இருப்பவருக்கு நல்ல அதிர்ஷ்டம். நான் இடது பக்கம் இருந்தேன். தலவாக்கலையில் என் பழைய வகுப்புத் தோழன் சிவநேசன் பாடசாலை ஆசிரியராக இருக்கிறான். ஊர் யாழ்ப்பாணம், சம்பளம் மலைநாட்டில். அன்றிரவு அவன் வீட்டில் தங்கினேன். படகுக்காரரை ஒழுங்கு செய்து தந்ததும் அவன்தான்.

மறுநாள் அதிகாலை 4.15க்கு ஓட்டோ. பூண்டுலோயா வழியாக நீர்த்தேக்கத்தின் மேல்முனைக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். போக வர, காத்து நிற்க எல்லாமாக 1200 ரூபா. வளைவுகளில் வயிறு புரளும், வெறும் வயிற்றோடு போங்கள். 5.40க்கு இறங்கியபோது படகுக்காரர் செல்வராஜ் துடுப்போடு நின்றார். ஒரு நாளுக்கு 600 ரூபா.

செல்வராஜுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆனாலும் அன்று முழுக்க அவரைத் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டேன். மேலே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்து, தேயிலை வேலையை விட்டு மீன் தொழிலுக்கு வந்தவர். அந்தக் கரையின் மீனவர் சங்கத்தில் இருக்கிற ஒரே தமிழர். சேர்த்துக்கொள்ள ஆறு வருடம் எடுத்தார்கள் என்றார். அதைப் பெருமையாகச் சொன்னார்.

என் பெட்டியைத் திறந்ததும் மனிதர் சிரித்துவிட்டார்.

"என்னங்க சேர், இவ்வளவு பெரிய மீனப் போட்டா மீனு புடிக்கப் போறீங்க? நம்ம வூட்டுல இத ரெண்டு நாளைக்குக் கொழம்பு வச்சிருவாங்க."

"பெரிசுக்குப் பெரிசுதான் தம்பி. பாருங்கோவன்" என்றேன்.

இனித் தொழில்நுட்பம். எட்டு அங்குலத்தை மறந்துவிடுங்கள். எறிந்து எறிந்து தோள் கழன்றுவிடும், விராலின் வாய்க்கும் அது கூடுதல். ஐந்து அங்குலத்துக்கு அரைக் கிலோக் குட்டிகள் ஓடி வரும். அன்று காலை அப்படி இரண்டு வந்தன, விட்டுவிட்டேன். ஏழு அங்குலம்தான் சரி. வயிறு பருத்ததாக எடுங்கள், மெலிந்ததற்கு ஆழத்தில் போதிய அதிர்வு வராது. வாங்கும்போது வாலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். விறைப்பாக நின்றால் வைத்துவிட்டு வாருங்கள், மெதுவாக இழுக்கும்போது அது அசையவே அசையாது. தூண்டில் முள் ஒன்றே போதும், ஆனால் தடித்தது வேண்டும். முள்ளின் தண்டில் ஈயம் இருக்கட்டும். அதன் கூர் ரப்பரின் முதுகுக்குள் புதைந்திருந்தால் புல்லில் மாட்டாது. தண்ணீர் தெளிவென்றால் பழுப்புப் பச்சை, மழைக்குக் கலங்கினால் வெள்ளை. நூல் பின்னல் நூலாக, ஐம்பது இறாத்தல் தாங்க வேண்டும். இழுக்கும் வேகம், நீங்கள் மெதுவென்று நினைப்பதில் பாதி.

பதினொரு மணிவரை பெரியது ஒன்றும் வரவில்லை. வெயில் ஏறியது. செல்வராஜ் கொண்டுவந்த ரொட்டியையும் சம்பலையும் பாதி பாதியாகச் சாப்பிட்டோம். பிறகு ஓடை வந்து விழுகிற ஒரு சின்னக் குடாவுக்குள் படகை விட்டார். அங்கே தண்ணீரில் ஒரு கம்பு நட்டிருந்தது. அதன் நுனியில் தேயிலைக் கொழுந்துச் சாக்கில் கிழித்த ஒரு துண்டு. கம்புக்கு அப்பால், புல்லோரம், தண்ணீர் சிவப்பாகக் கொதிப்பதுபோல் இருந்தது. விரால் குஞ்சுகள். ஆயிரக்கணக்கில், பந்துபோல, மூச்செடுக்க மேலே வந்து வந்து போயின.

செல்வராஜ் துடுப்பைக் குறுக்கே போட்டு நிறுத்தினார்.

"வேணாங்க சேர். குஞ்சு இருக்கு. அந்தக் கம்பு எங்க சங்கத்துக் கம்பு. குஞ்சு கறுத்துப் பிரியிற வரைக்கும் அதுக்குக் கிட்ட யாரும் வலையும் போட மாட்டாங்க, தூண்டிலும் போட மாட்டாங்க. நாம அந்தப் பக்கமாப் போயிரலாம்."

தெரியாமல் செய்தேன் என்று எழுத எனக்கு ஆசைதான். தெரிந்துதான் செய்தேன். குஞ்சுக்குக் கீழே தாயோ தகப்பனோ நிற்கும், கிட்ட வருகிற எதையும் அடிக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கனடாவில் கூடு காக்கிற பாஸும் அப்படித்தான். ஏழு அங்குலத்தில் துடுப்பு வாலை ஆட்டிக்கொண்டு போனால், குஞ்சு தின்ன வந்த கள்ளன் என்றுதான் அது நினைக்கும்.

"ஒருக்கா மட்டும் எறிஞ்சு பாப்பம் தம்பி. ஒண்டும் நடக்காது."

"சேர், வேணாங்க..."

எறிந்தேன். சுருளை நான்கு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. தண்ணீர் வெடித்தது. பசியில் கடிக்கிற மீன் இரையோடு திரும்பி ஓடும். இது ஓடவில்லை, கடித்துக் கடித்து உதறியது. ஐந்து நிமிடத்தில் படகுக்குள் கிடந்தது. நான் சின்னப் பிள்ளைபோலக் கத்தினேன்.

செல்வராஜ் கத்தவில்லை. "இப்பவே வுட்டுருங்க சேர். உசுரோட இருக்கு, குஞ்சுகிட்டப் போயிரும்" என்றார்.

அதுதான் எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு. ஆனால் கமரா நனையும் என்று கரையில் ஓட்டோவுக்குள் வைத்திருந்தேன். "கொஞ்சம் பொறுங்கோ, ஒரு படம் மட்டும்" என்றேன். கரைக்கு இருபது நிமிடம். திரும்பிப் பார்த்தபோது சின்னத் திலாப்பியாக்கள் அந்தச் சிவப்புக்குள் புகுந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. முள் செவுளில் இறங்கியிருந்ததால் மீன் பாதி வழியிலேயே அடங்கிவிட்டது. ஓட்டோக்காரர் படம் எடுத்தார். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

படம் எடுத்து முடிவதற்குள் சங்கத்துக்காரர் நான்கு பேர் வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் சங்கத் தலைவர் பண்டார. மீனைப் பார்த்தார், நாங்கள் வந்த திசையைப் பார்த்தார். குடாவிலிருந்தா என்று செல்வராஜிடம் சிங்களத்தில் கேட்டார். செல்வராஜ் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் மீனின் செவுளிலிருந்து முள்ளைக் கழற்றுவதில் மும்முரமானேன்.

"மமய் கிவ்வே" என்றார் செல்வராஜ். நான்தான் போடச் சொன்னேன் என்று அர்த்தம்.

எனக்குச் சிங்களம் கடைக்குப் போகிற அளவுக்கு வரும். அந்த இரண்டு வார்த்தை நன்றாகவே விளங்கியது. விளங்காதவன்போல நின்றேன். யாராவது என்னிடம் கேட்டால் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை. கூலியோடு இருநூறு ரூபா கூட்டிக் கொடுத்தேன். செல்வராஜ் அந்த இருநூறைத் திருப்பித் தந்தார். மீனையும் வேண்டாம் என்றார்.

கொழும்புக்கு வந்து படத்தைப் போட்டேன். "கலக்கிட்டீங்க" என்று எழுதினீர்கள். ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னேன்.

ஆனி மாதம் சிவநேசன் தொலைபேசியில் சொன்னான். கம்பு நட்ட இடத்தில் மீன் பிடித்ததற்காகச் செல்வராஜின் படகை மூன்று மாதம் கரையேற்றிவிட்டார்களாம். தோட்டத்தில் பேர் பதிந்த வேலை இல்லாததால், காலையில் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக் களத்தில் போய் நின்று, ஆள் தேவைப்பட்டால் அன்றைய கைக்காசுக்குப் புல்லு வெட்டுகிறாராம். ஒரு காலத்தில் தான் விட்டுவிட்டு வந்த அதே தோட்டத்தில். "நீ ஏதும் செய்தனியோடா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அதுவும் பொய்.

புரட்டாதியில்தான் திரும்பப் போனேன். அதே ரயில், அதே 130 ரூபா, இந்த முறை சரியான நேரத்துக்குப் போனது. வழி முழுக்கச் சிங்கள வசனங்களை மனப்பாடம் செய்தேன். மறுநாள் காலை நேராகப் பண்டாரவிடம் போய், எறிந்தது நான், செல்வராஜ் தடுத்தார், நான் கேட்கவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. எனக்கே என்மேல் கொஞ்சம் மதிப்பு வந்ததுபோல் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தக் காலையில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பண்டார வலையைத் தைத்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். "எங்களுக்குத் தெரியும். துடுப்புக் குறுக்கே போனதை எதிர்க்கரையிலிருந்து பார்த்தோம்" என்றார் சிங்களத்தில். "ஆனால் அவன் தன் வாயால் சொன்னான். அதை எழுதி, தண்டனை கொடுத்து, முடித்துவிட்டோம். இப்போது நீங்கள் வந்து அவன் பொய் சொன்னான் என்கிறீர்கள். கூட்டத்தில் வைக்காமல் இருக்க முடியாது."

செல்வராஜைப் படகடியில் பார்த்தேன். முதல் தடவையாக 'அண்ணை' என்றேன். நடந்ததைச் சொன்னேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க என்ன இருக்கிறது? அவர் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார்.

"ஏங்க சேர் போய்ச் சொன்னீங்க? மூணு மாசம் முடிஞ்சு இப்பத்தானே எறங்குனேன். தப்புப் பண்ணுனவன்னா மன்னிச்சுருவாங்க. பொய் சொன்னவன்னா நாளைக்கு நா என்ன சொன்னாலும் நம்புவாங்களா?"

"அண்டைக்கு ஏன் அண்ணை உங்கட தலையில போட்டனீங்கள்?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க சொல்லல. யாராச்சும் சொல்லணும்ல."

கூட்டம் ஐப்பசியில் நடந்தது. செல்வராஜைச் சங்கத்திலிருந்து விலக்கவில்லை. ஆனால் ஓடை விழுகிற அந்த நல்ல பக்கத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இவருக்கு எதிர்க்கரையில், ஆழமான, மீன் குறைந்த இடம். சிவநேசன் சொல்லித்தான் தெரியும். நான் பிறகு போகவில்லை. போய் இன்னும் எதையாவது சரி செய்துவிடுவேனோ என்று பயம்.

போகிறவர்களுக்கு: மாசியிலிருந்து சித்திரை வரை தண்ணீர் வற்றிப் புல் வெளியே தெரியும். பின்னேரம் மழை, ஆகவே விடியற்காலையில் இறங்குங்கள். சங்கத்தில் கேட்காமல் தூண்டில் போடாதீர்கள். அணைக்கட்டுப் பக்கம் போகவே போகாதீர்கள். ஏழு அங்குலத் துடுப்பு வால் நல்ல இரை, நான் சொன்னதெல்லாம் சரிதான். சாக்குத் துண்டு கட்டிய கம்பையோ தண்ணீரில் சிவப்பையோ கண்டால் தூண்டிலைச் சுருட்டிப் படகுக்குள் வையுங்கள். கமராவைக் கையோடு கொண்டுபோங்கள். மீனை ஒரு நிமிடத்துக்குமேல் வெளியே வைக்க ஒரு காரணமும் இருக்கக் கூடாது.

படகுக்குச் செல்வராஜைக் கேளுங்கள். இப்போது எதிர்க்கரையில் இருப்பார், ஓட்டோவுக்கு இருநூறு ரூபா கூடும். அவர் வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் எறியாதீர்கள். என் பெயரைச் சொல்லாதீர்கள்.