புறம் மாறிய புள்ளிகள்

அம்மை வந்து என் சித்தப்பாவின் பார்வை போனபோது அவருக்கு மீசைகூட அரும்பவில்லை. உலக யுத்த காலத்தில் பாளையங்கோட்டையில் பார்வையில்லாதவர்கள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவர், கோடை விடுமுறைக்குத் தூத்துக்குடிக்கு வரும்போது ஒரு பித்தளைச் சட்டமும் குத்தூசியும் கொண்டுவந்தார். சட்டத்துக்குள் கெட்டித் தாளைச் செருகி ஊசியால் குத்தினால் மறுபக்கம் புள்ளிகள் புடைத்து நிற்கும். அந்தப் புள்ளிகள்தாம் எழுத்து. அப்படி அச்சடித்த ஜெபப் புத்தகத்தைச் சித்தப்பா விரலால் தடவியே வாசிப்பார். எனக்கும் குத்தக் கற்றுக்கொடுத்தார்.

தாத்தா மட்டும் நம்பவில்லை. கயிறு பிடித்துக் கடலில் இறங்கிச் சங்கு குளித்தே குடும்பத்தைக் காப்பாற்றியவர் அவர்.

"ஜெபத்த மனப்பாடம் பண்ணிட்டு வந்து விரல ஓட்டுதான். இதுக்கு எதுக்குப் பாளையங்கோட்டை? இங்கன இருந்து வலை பின்னட்டும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

சித்தப்பா ஒரு வழி சொன்னார். தான் வாசலுக்கு வெளியே போய் நிற்பதாகவும், தாத்தா எதையாவது சொல்ல நான் அதைக் குத்த வேண்டும் என்றும், அதை வாசிக்காவிட்டால் வலை பின்ன உட்கார்ந்துவிடுவதாகவும் சொன்னார். தாளுக்குப் பஞ்சமான நாட்கள். வீட்டில் மிச்சமிருந்தது ஒரே கெட்டித் தாள்தான்.

தாத்தா என் காதோடு சொன்னார். குத்தி முடித்தேன். சித்தப்பா உள்ளே வந்து தடவினார். ஒரு சொல்லும் கூடிவரவில்லை. மறுபடி தடவினார். ஜெயித்துவிட்ட தாத்தா ஏனோ தரையைப் பார்த்தார்.

"ஏளா, எந்தப் பக்கத்துல இருந்து குத்துன?" என்று சித்தப்பா கேட்டார்.

சிலேட்டில் எழுதுவது போல இடப்பக்கத்திலிருந்து என்றேன். வலப்பக்கத்திலிருந்து குத்தினால்தான் தாளைத் திருப்பும்போது எழுத்து நேராக வரும். பயத்தில் மறந்துபோயிருந்தேன். எல்லாம் கண்ணாடியில் தெரிவது போலப் புறம் மாறிக் கிடந்தது.

சித்தப்பா சிரித்தார். விரலைத் தாளின் மறுகோடிக்கு நகர்த்தினார். ஒவ்வொரு எழுத்தாக மனசுக்குள் புரட்டிப் போட்டு, எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"கடவாப் பல்லு ஆடுது. யாருகிட்டயும் சொல்லல."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. தாத்தா என் காதுக்குள் முணுமுணுத்ததை, அதுவும் நான் தப்பாகக் குத்தியதை, விரல் நுனியால் கேட்டது போல அவர் சொல்லிவிட்டார். கோயில் பூசையில்கூட நான் அப்படி மெய்மறந்து நின்றதில்லை.

தாத்தா அந்தத் தாளை வாங்கித் தடவினார். பிறகு அதைக் கன்னத்தில் வைத்து மெல்லத் தேய்த்தார். சித்தப்பாவிடம், "போயிட்டு வாலே" என்றார்.

தாளைக் கொஞ்சுகிறாரே என்று நான் சிரித்தேன். கயிறு பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்கு அந்தப் புள்ளிகள் தட்டுப்படவே இல்லை என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது.