களியக்காவிளையில் காலியான மீன்சட்டி

காலை ஏழரை மணி. களியக்காவிளையில் நான் டீ குடிக்கும் கடைக்கு எதிரே ஒரு வேன் நிற்கிறது. குளச்சல் பக்கத்து மீனவக் குடும்பம் ஒன்று திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலைக்குப் போகிறது. மதியத்துக்கென்று கட்டிவந்த மரச்சீனி எனும் மரவள்ளிக் கிழங்கையும் சாளை மீன் கறியையும் இப்போதே வாழையிலையில் பரிமாறிக்கொண்டிருக்கிறார் ஒரு அக்கா. எனக்கும் ஓர் இலை வருகிறது.

“மதியத்துக்கு வேண்டாமா?” என்கிறேன்.

“உள்ள சாப்பாடு கொண்டுபோக விடமாட்டாவ அண்ணே. போன வருசம் வாசல்ல இந்தச் சட்டிக்குக் காவலிருந்தேன். எல்லாரும் சிங்கத்தப் பாத்தாவ, நான் சட்டியப் பாத்தேன். தின்னுங்கோ.”

கறியில் போட்ட குடம்புளி நாக்கைச் சுண்டி இழுக்கிறது. போதும் என்ற பிறகும் கிழங்கு விழுகிறது. டீ மாஸ்டருக்கும் ஆட்டோக்காரர்களுக்கும்கூட இலை போகிறது.

“மத்தியானத்துக்குக் கொஞ்சம் வையிட்டி” என்று கெஞ்சுகிறார் அக்காவின் கணவர். கடைசிக் கரண்டி அவர் இலையிலேயே கவிழ்கிறது.

குழாயடியில் சட்டியைக் கழுவி, சீட்டுக்கு அடியில் கவிழ்த்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்கிறார் அக்கா.

“வண்டிய எடு மக்கா. சிங்கம் எழும்பியிருக்கும்.”