கரை அந்தோணியார் தூக்கிய கை

எங்கள் தெருமுனையில் எண்ணூர் சாலையைத் தாண்டினால், கடலரிப்பைத் தடுக்கப் போட்ட பாறைகளுக்கு முன்னால் ஒரு பழைய கல்தூண் நிற்கிறது. தூணில் ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைக்காரரைச் செதுக்கியிருக்கிறார்கள். மூக்கு போய்விட்டது, ஒரு காதும் போய்விட்டது. வலது கை மட்டும் தலைக்கு மேலே தூக்கியபடி முழுசாக இருக்கிறது. எந்தக் காலத்தில் யார் வைத்தது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கடலுக்குப் போகிறவர்களை அவர் ஆசீர்வதிக்கிறார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்களுக்கு அவர் கரை அந்தோணியார். எங்கள் பங்குச் சாமியார் இதை ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. அவர் சம்மதத்தை யாரும் கேட்டதுமில்லை. தண்டையார்பேட்டை பாய்மார்களுக்கு அவர் கரை பாவா. ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் பேர் எதுவும் வைக்காமலே ஆயுத பூஜைக்கு மாலை போட்டுவிடுவார்கள். செவ்வாய் எங்களுடையது, வியாழன் பாய்மார்களுடையது. இதில் இதுவரை ஒரு சண்டை வந்ததில்லை. தண்ணீர் லாரி வரும்போது எங்கள் தெரு எப்படி நடந்துகொள்ளும் என்று பார்த்தவர்களுக்கு, இதுவே பெரிய அற்புதம் என்று புரியும்.

அம்மா அவரிடம் போய் விழுந்தது என் தம்பியால். எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போனவர் யாரும் கிடையாது. அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ரிட்டயரானவர். வேலைக்காலம் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், அதில் ஒரு நாளும் கணுக்காலை நனைத்ததில்லை. தம்பி ஐ.டி.ஐ. முடித்து, எண்ணூர் பக்கம் இரண்டு கம்பெனிகளில் ஒப்பந்த வேலை பார்த்தான். இரண்டிலும் நிறுத்திவிட்டார்கள். தோஸ்து ஒருத்தன் கூப்பிட்டான் என்று காசிமேட்டில் விசைப்படகில் ஏறக் கிளம்பிவிட்டான். அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் கரை அந்தோணியாரிடம் போய் நெடுநேரம் பேசிவிட்டு வந்து, போகலாம் என்று உத்தரவு கொடுத்தாள். ஒரே நிபந்தனை: ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் அவன் அந்தோணியார் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். அவன் கடலில் இருக்கும் நாளெல்லாம் சாயங்காலம் அவள் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவாள்.

நான்கு வருஷம் இப்படி ஓடியது. துறைமுகத்து நிலக்கரித் தூசி படிந்த அந்தக் கல் முகத்தை அம்மா முந்தானையால் துடைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸில் கிளார்க். வீட்டில் 'இங்கிலீஷ் படிச்சவ' என்று பட்டம். வெள்ளைக்காரனுக்கு இன்னும் எத்தனை நாள் சேவகம் செய்வாய் என்று அம்மாவைக் கிண்டல் பண்ணுவேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள்.

போன வருஷம், பழைய சின்னங்களைப் பராமரிக்கும் ஏதோ ஒரு இலாகாவிலிருந்து ஒரு மேடம் வந்தார். கறுப்புக் கண்ணாடி, ஜீன்ஸ், கையில் சின்னச் சின்னப் பிரஷ்கள். மூன்று நாள் உட்கார்ந்து தூணின் அடிப்பகுதியைச் சுரண்டினார். தலைமுறை தலைமுறையாக உருகி உறைந்த மெழுகு இரண்டு கோணி வந்தது. அது தன்னிடம் வாங்கிய மெழுகுதான் என்று வத்தி விற்கும் அக்கா உரிமை கொண்டாடினாள். மேடம் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். மெழுகுக்கு அடியில் இங்கிலீஷ் எழுத்து இருந்தது.

நான் வேலை முடிந்து ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் என்னைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினார்கள். கூட்டத்தில் அம்மாவும் நின்றாள், கையில் வத்தி. மறுநாள் காலையில் தம்பியின் படகு கிளம்ப வேண்டும், ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

படித்தேன். அவர் ஒரு கப்பல் கேப்டன். கடல் சரியில்லை, இன்றைக்கு இறங்காதே என்று கரைக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். கேட்காமல், தூரத்தில் நின்ற தன் கப்பலுக்குப் போகப் படகில் ஏறியிருக்கிறார். படகு கவிழ்ந்து, கரையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூழ்கிச் செத்தார். நண்பர்கள் சேர்ந்து நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள்.

அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் பெரிய கேப்டனாம், இந்தக் கரைமேல் உயிரையே வைத்திருந்தாராம் என்று கூசாமல் புளுகினேன். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து, மேடத்துக்குத் தமிழ் வராது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அவரோ என்னைவிட நல்ல தமிழில், யார் மனமும் நோகாமல், உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். அந்தக் கை ஆசீர்வாதம் இல்லை, உதவிக்குக் கூப்பிடுகிறார் என்றும் விளக்கினார்.

ஆட்டோக்காரர் ஒருவர் கேட்டார்.

"அப்ப ஹெல்ப் கேட்டுனு கீற ஆளாண்டதான் நாம்ப இத்தினி நாளா ஹெல்ப் கேட்டுனு இருந்தமா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு பாய் கைகளை ஏந்தி துஆ செய்தார். அம்மா முன்னால் போய் வத்தியை ஏற்றினாள். இறந்தவர்களுக்கான செபத்தைச் சொன்னாள். பிறகு வழக்கம்போல முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"பாவம், எவ்ளோ நாளா கத்திகினு கீறானோ," என்றாள்.

அதுவரை அவர் அவளுக்கு 'அவரு'தான். நான் சொன்ன பொய்க்காக என்னை ஒரு வார்த்தை திட்டாமல் விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். இனி தம்பியைப் படகில் ஏற விடமாட்டாள், அழுது ஊரைக் கூட்டுவாள் என்று பயந்துகொண்டே போனேன்.

தம்பி பையில் துணி அடைத்துக்கொண்டிருந்தான். அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வாசலிலேயே நின்று கேட்டாள்.

"டேய், உனுக்கு நீச்சல் தெரியுமா?"

தம்பி அப்பாவைப் பார்த்தான். அப்பா டிவியில் ஓடிய சோப்பு விளம்பரத்தைக் கண் கொட்டாமல் பார்த்தார். படகில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறது என்று தம்பி முனகினான். அதை எங்கே வைத்திருக்கிறாய் என்று அம்மா விடாமல் கேட்டாள்.

"தலைக்கு வெச்சினு படுப்பேன்மா."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது. நான்கு வருஷமாக அம்மாவின் வத்தியைக் கிண்டல் பண்ணியவள் நான். அவன் படகில் சேர்ந்தபோது விபத்துக் காப்பீட்டு ஃபாரத்தைத் தப்பில்லாமல் இங்கிலீஷில் நிரப்பிக் கொடுத்தவளும் நான். இந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

படகு மறுநாள் அவனில்லாமல் போனது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா அவனைக் காசிமேட்டுக்கு இழுத்துப் போனாள். படகுகளைக் கட்டிவைக்கும் இடத்துக்கு உள்பக்கம், அலையில்லாத தண்ணீர், மேலே டீசல் மினுமினுப்பு. இடுப்பில் காலி எண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு தம்பி இறங்கினான். தோஸ்துமார்கள் மேலே நின்று விசிலடித்தார்கள். பூசைக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு, ஐஸ் வண்டிகளுக்கு வழிவிடாமல், அம்மா விளிம்பில் போய் நின்றாள். அவள் வாய் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணை மட்டும் அவள் ஒரு நொடிகூட மூடவில்லை.